விருந்தினர் கொஞ்சம் ஒதுங்கி நிற்கவும்

புதன்கிழமை

அன்புள்ள ஒல்லிக்கு,

நலம்தானே? ஞாயிற்றுக்கிழமை சுற்றுலா முடிந்ததிலிருந்து உனக்கு நாலு தடவை போன் போட்டுவிட்டேன். மணி அடிக்கிறது, நீ எடுப்பதில்லை. பாலர் பள்ளியில் சேர்க்கை வேலை தலைக்கு மேல் இருக்கிறதோ, இல்லை அந்தப் புதுச் செருப்பு கடித்த இடம் புண்ணாகிப் படுத்துவிட்டாயோ என்று கவலையாக இருக்கிறது. ஹாஸ்டல் லீவில் நாம் ஆளுக்கு எட்டுப் பக்கம் எழுதிக்கொள்வோமே, அந்தத் தைரியத்தில் இன்று காகிதத்தை எடுத்துவிட்டேன்.

முன்னாள் மாணவர் சங்கத்தின் செயலாளர் என்றால் ஏதோ பெரிய பதவி என்று ஊரில் நினைக்கிறார்கள். நாற்பத்திரண்டு பேரை மேய்க்கிற வேலை என்று நீதான் நேரில் பார்த்தாயே. உன் பள்ளிப் பிள்ளைகளாவது வரிசையில் நில் என்றால் நிற்கும். இங்கே ஒவ்வொருவரும் தலைக்கு இரண்டு பட்டம் வாங்கியவர்கள், ஒருத்தரும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. அருங்காட்சியகத்தில் உடைந்த பானை ஒன்றின் முன்னால் வழிகாட்டி முக்கால் மணி நேரம் பேசியதும், அந்தப் பானை எத்தனை டிகிரி சூட்டில் வெந்திருக்கும் என்று நம் இன்ஜினியர் அவரை மடக்கியதும், தலைவர் நீதிபதி ஐயா "எனக்கு ஒரு நாற்காலி போடுங்க, அப்புறம் வாதாடுங்க" என்றதும் நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. நீகூட அப்போது சிரித்தாய். நான் பார்த்தேன்.

பன்னிரண்டு வருடமாக வா வா என்று கூப்பிட்டு, இந்த வருடம்தான் வந்தாய். பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையை உனக்கென்று பிடித்துவைத்தேன். ஆனால் நான் உட்கார்ந்தால்தானே! தண்ணீர் பாட்டில், மாத்திரை, முன் இருக்கைச் சண்டை என்று நின்றுகொண்டே வந்தேன். உன்னோடு பத்து வார்த்தை பேசியிருப்பேனா தெரியவில்லை. அதற்கு முதலில் மன்னித்துவிடு.

அப்புறம் அந்தப் போட்டோ. அதைப் பற்றி நீ எதுவும் மனதில் வைத்துக்கொள்ளவில்லையே? அருங்காட்சியகப் படிக்கட்டில் எல்லாரையும் நிறுத்திவிட்டு நான் கைமைக்கில் "உறுப்பினர்கள் மட்டும் நில்லுங்க, விருந்தினர் கொஞ்சம் ஒதுங்கி நிற்கவும்" என்று சொன்னேன் அல்லவா, அது எல்லா வருடமும் சொல்கிற பாட்டு. நாலு வருடத்துக்கு முன் ஒருவருடைய மைத்துனர் நடுவில் போய் நின்றுவிட்டார். பல்கலைக்கழக இதழில் அவரையும் பட்டதாரியாக்கி அச்சடித்துவிட்டார்கள். பெரிய ரகளை. அதிலிருந்துதான் உறுப்பினருக்கு நீல பேட்ஜ், விருந்தினருக்கு மஞ்சள் பேட்ஜ், போட்டோவில் நீலம் மட்டும் என்று விதி போட்டோம். போட்டோம் என்ன, நான்தான் எழுதினேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. நீ மஞ்சளில் இருக்கிறாய் என்பது அந்த நிமிடம் என் மூளையில் இல்லை, சத்தியமாக.

மற்ற இரண்டு விருந்தினரும், சங்கத்துப் பெண்கள் இருவரின் வீட்டுக்காரர்கள், காபி குடிக்கப் போய்விட்டார்கள். நீ மட்டும் நின்றாய். எல்லாரும் தங்கள் கைப்பையை உன்னிடம் கொடுத்தார்கள். என் பையையும் நான் உன் தோளில்தான் மாட்டிவிட்டுப் போனேன். படம் எடுக்கிற நம் சங்கத்துப் பல் டாக்டர் எங்களை எடுத்து முடிக்கும்வரை நீ அத்தனை பையையும் சுமந்துகொண்டு வெயிலில் நின்றாய். திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் சொல்லிக்கொள்ளாமல் இறங்கிப் போய்விட்டாய். அவசரமாக ரயில் பிடிக்க வேண்டியிருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் நாடகத்துக்குப் போகிறோம். மூன்றாம் வரிசையில் உனக்கு ஓர் இருக்கை போட்டிருக்கிறேன். வரமாட்டேன் என்று மட்டும் சொல்லாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

என்றும் உன்,
தூங்குமூஞ்சி

*

வெள்ளிக்கிழமை

அன்புள்ள ஒல்லிக்கு,

உன் உறை நேற்று வந்தது. உன் கையெழுத்தைப் பார்த்ததும் வாசலிலேயே நின்று பிரித்தேன். உள்ளே மஞ்சள் பேட்ஜ். கூடவே ஒரு துண்டுக் காகிதம்: "செயலாளர் அவர்களுக்கு, இதைத் திருப்பித் தர மறந்துவிட்டேன். மன்னிக்கவும்." அவ்வளவுதான்.

முதலில் எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. இறங்கும்போது எல்லாரும் பேட்ஜைத் தந்துவிட்டுப் போங்கள் என்று நான் கத்தியது உண்மை. அதற்காக அந்தப் பிளாஸ்டிக்கைத் தபாலில் அனுப்புவாளா ஒருத்தி? நாலு வருடம் ஒரே அறையில், ஒரே சோப்பில் குளித்தவளை "செயலாளர் அவர்களே" என்று எழுத உனக்கு எப்படி மனசு வந்தது? என் மகளிடம் காட்டினேன். அவள் படித்துவிட்டு, "அம்மா, நீ அவங்களை என்ன பண்ணின?" என்று கேட்டாள். நான் ஒன்றும் பண்ணவில்லை என்றேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். போய் உன் வேலையைப் பார் என்று அனுப்பிவிட்டேன்.

பண்ணினேன். போன கடிதத்தில் நான் முழுதாகச் சொல்லவில்லை.

காலையில் பஸ் கிளம்பிய கொஞ்ச நேரத்தில், புதிதாகச் சேர்ந்த அந்த விரிவுரையாளர்ப் பெண் என்னிடம் கேட்டாள். "மேடம், ஜன்னல்கிட்ட உக்காந்திருக்காங்களே, அவங்க யாருங்க? எந்த வருஷம்?" நான் ஒரு விநாடி யோசித்தேன். அந்த ஒரு விநாடிதான் என்னை இப்போது தின்கிறது. என் அறைத்தோழி, என் வகுப்பு, என்னைவிட நன்றாகப் படித்தவள் என்று சொல்லியிருந்தால், அப்புறம் ஏன் மஞ்சள் பேட்ஜ் என்று கேட்பாள். ஏன் பட்டம் வாங்கவில்லை என்று கேட்பாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதிலை நான் யாரிடமும் சொன்னதில்லை. அதனால் "எனக்குத் தெரிஞ்சவங்க, சும்மா கூட்டிட்டு வந்தேன்" என்றேன்.

சொல்லிவிட்டுத் திரும்பினேன். நீ வெளியே பார்த்துக்கொண்டிருந்தாய். உன் காதில் விழவில்லை என்று இந்த மூன்று வாரமாக என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். உன் காது எவ்வளவு கூர்மை என்று எனக்குத் தெரியாதா? வார்டன் மாடிப்படி ஏறும் சத்தம் உனக்குத்தானே முதலில் கேட்கும்!

போன செவ்வாய் குழுக் கூட்டம் நடந்தது. விதியை மாற்ற வேண்டும், நம்மோடு படித்துப் பட்டம் முடிக்காதவர்களையும் சேர்க்க வேண்டும் என்று எழுதிக்கொண்டுதான் போனேன். நீதிபதி ஐயா, "யாராவது குறிப்பிட்ட ஆளை மனசுல வெச்சுக் கேக்கறீங்களா?" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இல்லை, பொதுவாகத்தான் என்றேன். அப்படியானால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்று தள்ளிவைத்துவிட்டு நாடக இருக்கைப் பேச்சுக்குப் போய்விட்டார்கள். நானும் கூடவே போனேன். யாருக்கு முன் வரிசை, யாருக்கு ஓரத்து இருக்கை என்று அரை மணி நேரம் மும்முரமாகப் பேசினேன். எனக்கே என்னைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது. "அவர்களுக்கு" மட்டும் வேண்டாம்.

உன்,
தூங்குமூஞ்சி

*

வியாழக்கிழமை

அன்புள்ள ஒல்லிக்கு,

நீ எழுதவில்லை. எழுதாதது நியாயம்தான். ஆனால் இதை நான் எழுதித்தான் ஆக வேண்டும்.

ஞாயிறு அன்று நாடகத்துக்குப் போனோம். முப்பத்தெட்டுப் பேர். மூன்றாம் வரிசையில் உன் இருக்கை அப்படியே இருந்தது. யாரோ அதில் பையை வைத்தார்கள், எடுக்கச் சொல்லிவிட்டேன். நாடகம் தொடங்குமுன் வரவேற்பறையில் வழக்கம்போலப் பல் டாக்டர் கேமரா முக்காலியை விரித்தார், என் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். "விருந்தினர்" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதைக் குடித்துவிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

கடைசி வருடம் எனக்கு மஞ்சள்காமாலை வந்தபோது மூன்று வாரம் நீ என்னைப் பார்த்துக்கொண்டதைச் சொன்னேன். என் ஆய்வேட்டில் கடைசி இரண்டு அத்தியாயம் என்னுடையது இல்லை, நீ உட்கார்ந்து எழுதித் தட்டச்சும் செய்து, என் பெயரைப் போட்டுக் கெடுவுக்கு முந்தின நாள் கொண்டுபோய்க் கொடுத்தாய் என்று சொன்னேன். அதனால் உன் ஆய்வேடு நாலு நாள் பிந்தியது, துறைத்தலைவர் அதை வாங்க மறுத்துவிட்டார் என்றும் சொன்னேன்.

அடுத்ததைச் சொல்லத்தான் கஷ்டமாக இருந்தது. "நீ வந்து ஒரு வார்த்தை சொல்லுடி, நான் ஏன் லேட்டுன்னு" என்று நீ கேட்டாய். சொன்னால் என் ஆய்வேடு போய்விடும் என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். தெரிந்தும், என்னைக் காட்டிக்கொடுக்காமல் எப்படியாவது சொல்லலாம் என்று ஒரு வழி யோசித்து வைத்திருந்தாய். நான் நாளைக்குப் போகலாம் என்றேன். மறுநாளும் நாளைக்கு என்றேன். மூன்றாம் நாள் நீ கேட்கவில்லை. என் வாய்மொழித் தேர்வில் பரிசோதகர் "கடைசி அத்தியாயம்தான் பிரமாதம்" என்று சொன்னபோது நீ வெளியே பெஞ்சில் எனக்காகக் காத்திருந்தாய். நான் வந்ததும் என்ன சொன்னார் என்று கேட்டாய். பரவாயில்லை என்றார் என்று சொன்னேன். அந்தப் பாராட்டைக்கூட உனக்குக் கொடுக்கவில்லை.

அடுத்த வருடம் நீ வந்து முடிப்பாய் என்றுதான் நினைத்தேன். உன் அப்பா போனார், வீட்டுப் பாரம் உன் தலையில் விழுந்தது. பாலர் பள்ளியில் சேர்ந்தாய். நான் அந்தப் பட்டத்தை வைத்து இருபத்தெட்டு வருடம் கல்லூரியில் பாடம் நடத்தினேன்.

இதையெல்லாம் மைக்கில் சொல்லி முடித்தேன். துப்புவார்கள் என்று நினைத்தேன். என்ன செய்தார்கள் தெரியுமா? கைதட்டினார்கள். எனக்கு! அந்த விரிவுரையாளர்ப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்து கட்டிக்கொண்டாள். எவ்வளவு பெரிய மனசு என்றாள். நீதிபதி ஐயா, "முப்பத்து நாலு வருஷம் ஆச்சும்மா, கேஸ் காலாவதி. நான் எதையும் கேக்கலைன்னு வெச்சுக்கறேன்" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. நீ எழுதிய அத்தியாயத்துக்கு வாங்கிய பாராட்டு போதாதென்று, அதை மறைத்ததற்கும் பாராட்டு வாங்கிவிட்டேன். நாடகத்தில் என்ன நடந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

இடைவேளையிலேயே குழு கூடி, உனக்குக் கௌரவ உறுப்பினர் என்று நீல பேட்ஜ் கொடுப்பதாக முடிவுசெய்துவிட்டார்கள். என்னையே கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்கள். நான் வாங்கிக்கொள்ளவில்லை. உனக்குக் கௌரவம் கொடுக்க நாங்கள் யார்? செயலாளர் வேலையையும் பல் டாக்டரிடம் ஒப்படைத்துவிட்டேன். தலைகளை எண்ணத் தெரியாமல் இப்போதே திண்டாடுகிறார், பாவம்.

பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். உண்மை முழுதும் அதில் இருக்கிறது. என் மகள் படித்தாள். பென்ஷனுக்கே ஆபத்து வரலாம் என்று பயப்படுகிறாள். "அவங்க கேட்டாங்களா இதை? கேக்காமயே நீ பண்ணினா, அதுவும் உனக்காகப் பண்றதுதானேம்மா" என்றாள். அதனால் அதை அனுப்பவில்லை, கிழித்துப் போடவும் இல்லை. உன் கையில் கொண்டுவந்து தருகிறேன். அனுப்பு என்றால் உன் தெருத் தபால்பெட்டியிலேயே போட்டுவிட்டு வருகிறேன். வேண்டாம் என்றாலும், அது நீ சொல்வதாக இருக்கட்டும். ஒரு தடவையாவது நீ சொல், நான் கேட்கிறேன்.

ஞாயிறு காலை ரயிலில் வருகிறேன். வராதே என்று நீ பதில் எழுதினாலும், அது இங்கே வந்து சேருமுன் நான் கிளம்பியிருப்பேன். அதைக் கணக்குப் பண்ணித்தான் இன்று தபாலில் சேர்க்கிறேன். மன்னித்துவிட்டேன் என்று ஒரு வார்த்தையில் சொல்லி என்னை அனுப்பிவிடாதே, அதை என்னால் தாங்க முடியாது. முப்பத்து நாலு வருடமாக நீ சொல்லாமல் வைத்திருக்கிற அத்தனையையும் சொல். வாய் வலிக்கத் திட்டு, அக்கம்பக்கம் கேட்கட்டும். ஆனால் ஒல்லி, கதவைத் திறந்துவிட்டுத் திட்டு.

இப்படிக்கு,
உன்னால் பட்டம் வாங்கியவள்