மாப்பிள்ளை ஊற்றச் சொன்ன எண்ணெய்

நேற்றுக் காலை சுந்தராபுரம் பக்கம் ஒரு லாரிப் பட்டறையைத் தாண்டி நடந்துபோனேன். யாரோ பழைய கியர் ஆயிலைச் சட்டியில் வடித்துக்கொண்டிருந்தார்கள். அழுகிய முட்டையைக் கந்தகத்தோடு சேர்த்துக் காய்ச்சியதுபோல அதற்கு ஒரு நாற்றம் உண்டு, உங்களுக்குத் தெரியும். முப்பது வருடம் அதில் புரண்டு சோறு தின்றவன் நான். மூக்கு எப்போதோ மரத்துப்போயிருக்க வேண்டும். ஆனாலும் வேலியோரமாகக் குனிந்து வாந்தியெடுத்தேன். எதிர்வீட்டு அம்மாள் ஒருவர் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, "ஏனுங்க, வெயில் ஒத்துக்கலீங்களா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றேன். பொய்கூட எனக்கு மரியாதையாகத்தான் வரும்.

உங்களை 'நீங்கள்' என்று எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. என்னைவிட எட்டு வயது மூத்தவர் நீங்கள். இருந்தும் நான் "வாப்பா, போப்பா" என்றுதான் பேசினேன். நீங்கள் 'ங்க' போடாமல் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. எங்கள் வீட்டுக்குத் தோட்டம் இருந்தது, உங்கள் அப்பா அந்த மாதிரித் தோட்டங்களில் கூலிக்குப் போனவர். ஊர் அதை வைத்து யார் யாரை எப்படிக் கூப்பிடுவது என்று முடிவு செய்திருந்தது. பேக்கரியில் உங்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்ததற்காக, சாதி பார்க்காத ஆள் என்று என்னை நானே மெச்சிக்கொண்டு திரிந்தேன். தூ!

தொண்ணூறுகளின் நடுவில் அந்தப் பிக்கப் வந்தது. மில் முதலாளி எங்கோ ஏலத்தில் எடுத்த பழைய அமெரிக்க வண்டி. கிளட்ச் கிடையாது. ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும் தண்டை இழுத்துவிட்டால் கியர் தானாக மாறிக்கொள்ளும். கோயமுத்தூரில் அதைத் தொடவே ஆளில்லை. குவைத்தில் நான்கு வருடம் அந்த மாதிரி வண்டி ஓட்டிவிட்டு வந்திருந்ததால் நீங்கள்தான் டிரைவர். அதைக் குழந்தையைப்போல வைத்திருந்தீர்கள். அதற்கென்று மெட்ராஸிலிருந்து வரவழைத்த சிவப்பு எண்ணெய் டின்களைத் துணியில் சுற்றி சீட்டுக்கு அடியில் வைத்திருப்பீர்கள்.

ஒருநாள் சாயங்காலம் பேக்கரியில் டீயைக் கையில் வாங்கிய நீங்கள் குடிக்கவேயில்லை.

"வண்டி நகர மாட்டேங்குதுங்க. காத்தால போட்டா இஞ்சின் மட்டும் கத்துது, அஞ்சு நிமிசம் கழிச்சுத்தான் இழுக்குது. மேட்டுல சுத்தமா வழுக்குது."

"என்னப்பா பண்ணுனே?"

"நானென்னங்க பண்ணுனேன். ஆயில் கொறையுதுன்னு சொன்னனுங்க. நான் போய் டின்னை எடுத்துட்டு வாரதுக்குள்ள மொதலாளியோட மாப்பிள்ளைங்க தொண்ணூறு நம்பர் கியர் ஆயிலை வாங்கியாந்து ஊத்திப்போட்டாருங்க. இதுக்குச் செவப்பு ஆயில்தானுங்க ஊத்தோணும்னேன். தண்ணியாட்ட இருக்கறதை ஊத்துனா பல்லு தேஞ்சு போகாதான்னு சிரிச்சாருங்க. இப்ப நாந்தான் ஓட்டத் தெரியாம கெடுத்துப்போட்டேன்னு பேச்சு."

எந்த கியர்பாக்ஸாக இருந்தாலும் தொண்ணூறை ஊற்று என்பது எங்கள் ஊர் முழுக்கத் தெரிந்த வைத்தியம். லாரிக்கு அதுதான், டிராக்டருக்கும் அதுதான். மாப்பிள்ளையைச் சொல்லிக் குற்றமில்லை. நானாக இருந்தாலும் அன்றைக்கு அதைத்தான் ஊற்றியிருப்பேன். தெரியாமல் ஊற்றியது தப்பில்லை. தெரிந்த பிறகு நடந்ததுதான் அசிங்கம்.

நீங்கள் குடியிருந்தது மில் லைன் வீடு. வேலை போனால் வீடும் போய்விடும். மகள் அந்த வருடம்தான் பத்தாவது. "நீங்க பிரிச்சுப் பார்த்துட்டு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா மொதலாளி கேப்பாருங்க" என்றீர்கள். "சொல்லிப்போடறேன், நீ டீயைக் குடி" என்றேன்.

மறுநாள் வண்டியை மதுக்கரை ரோட்டில் இருந்த என் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். முதலாளியும் மாப்பிள்ளையும் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். எனக்கு அந்த கியர்பாக்ஸைப்பற்றி ஒரு மண்ணும் தெரியாது. நான் இஞ்சினை நிறுத்திவிட்டு எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவப் போனபோது, நீங்கள் குனிந்து எனக்கு மட்டும் கேட்கும்படி, "ஓடறப்பவே பார்க்கோணுமுங்க, சூடு ஏறுன பொறவு" என்றீர்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே ரேஸ் கொடுத்துப் பார்க்கச் சொன்னதும் நீங்கள்தான். கொடுத்தேன். இஞ்சின் அலறியது, வண்டி பிரேக்கை மீறி முன்னால் தள்ளப் பார்க்கவேயில்லை. கியர்பாக்ஸுக்குள் இருக்கும் தகடுகள் பிடிக்காமல் வழுக்குகின்றன என்று அதற்கு அர்த்தம். தண்டின் இணைப்பைப் பார்த்தேன், காற்றுக்குழாயைப் பார்த்தேன், இரண்டும் சரியாக இருந்தன. கடைசியில் அடித்தட்டைக் கழற்றினேன்.

சிவப்பாக வடிய வேண்டியது கறுத்த கூழாக வந்து விழுந்தது. அதே கியர் ஆயில் நாற்றம், அதோடு தகடு கருகிய நாற்றம். தட்டின் அடியில் தகட்டுத் தூள் விரற்கடை அளவுக்குப் படிந்திருந்தது. மெல்லிய எண்ணெய்க்குச் செய்த பம்பு இந்தக் கூழை உறிஞ்ச முடியாமல் திணறியிருக்கிறது, அழுத்தம் ஏறாமல் தகடுகள் எரிந்திருக்கின்றன. அதற்கு மேல் ஆராய ஒன்றுமில்லை. கண்ணில்லாதவன்கூட மோந்து பார்த்துச் சொல்லியிருப்பான். மாப்பிள்ளை கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அவருக்கும் புரிந்துவிட்டது, முகத்தில் தெரிந்தது.

முதலாளி என்னைப் பார்த்து, "நீ நம்ம கூட்டத்துப் பையன், பங்காளி. மறைக்காம சொல்லு கண்ணு, யாரு தப்பு?" என்றார்.

மாப்பிள்ளைக்குக் கல்யாணம் ஆகி ஆறு மாதம் ஆகியிருந்தது. எங்கள் பக்கத்தில் புது மாப்பிள்ளைக்கு இலை முதலில் விழும், நாற்காலி முதலில் விழும். மாமனார் எதிரில் அவரைக் குறை சொல்வது சபையில் செருப்பை வீசுவதற்குச் சமம். அந்த மில்லின் வண்டிகள் எல்லாம் என் பட்டறைக்குத்தான் வந்தன என்பதும் நினைவுக்கு வந்தது. இதையெல்லாம் நான் யோசித்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. நாக்கு தானாகப் புரண்டது.

"ஓட்டற பாங்கும் ஒரு காரணமுங்க" என்றேன்.

எண்ணெயையும் சொல்லவில்லை, உங்கள் பெயரையும் சொல்லவில்லை. யாருக்கும் நோகாமல், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்பதுபோல ஒரு பேச்சு. கொங்குத் தமிழின் பணிவை எல்லாரும் புகழ்கிறார்கள். அந்தப் பணிவுக்குள் இப்படி ஒரு சாக்கடையும் ஓடுகிறது, நான் அதில் நீந்தியிருக்கிறேன். முதலாளி தலையாட்டினார். "பார்த்துக்கங்க மாமா" என்றார் மாப்பிள்ளை. ஒரு நிமிடத்தில் முடிந்துபோயிற்று.

நீங்கள் சண்டை போடுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். சட்டையைப் பிடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். நீங்கள் வண்டியிலிருந்து துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டீர்கள். மிச்சமிருந்த சிவப்பு எண்ணெய் டின்னை என் மேசைமேல் வைத்து, "இது உங்களுக்கு ஒதவுமுங்க. வாரேனுங்க" என்றீர்கள். அந்த வாரமே லைன் வீட்டைக் காலி செய்துகொண்டு திருப்பூர் போனீர்கள் என்று கேள்விப்பட்டேன். ஏன் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் விசாரிக்கவில்லை.

மாற்றுத் தகடு கிடைக்காமல் அந்த வண்டிக்கு ஜீப் கியர்பாக்ஸை மாட்டிக் கொடுத்தேன். முதலாளி ஊரெல்லாம் என்னைப் புகழ்ந்தார். ஆட்டோமேட்டிக் வண்டிக்கு விவரம் தெரிந்த ஆள் என்று பெயராகி, பட்டறைப் பலகையில் அதை எழுதியும் வைத்தேன். அந்த விவரம் அத்தனையும் நீங்கள் என் காதோரம் சொன்னது. இதைவிடக் கேவலமாக ஒருவன் பிழைக்க முடியுமா என்று தெரியவில்லை.

போன மாதம் நீங்கள் தவறிய செய்தி கேட்டுத் திருப்பூர் வந்தேன். ஜெபக்கூட்டம் முடிந்திருந்தது. உங்கள் மகள் இப்போது டீச்சராம். காபி கொடுத்து உட்காரவைத்தார். என் பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்தது.

"நீங்களாங்க அது? அப்பா உங்களைப் பத்தி நெறையச் சொல்லுவாருங்க. மொதல்ல எல்லாம் அந்த வண்டி ஆயிலாலதான் கெட்டுதுன்னு சொல்லிட்டிருந்தாருங்க. அப்பறம் மாத்திக்கிட்டாரு. 'அவரு பிரிச்சுப் பார்த்துட்டே சொல்லிட்டாரு, அவரு பொய் சொல்ற ஆளில்ல. எங்கியோ நாந்தான் தப்பா மிதிச்சிருப்பேன்'னுவாரு. இங்க வந்து வேன் ஓட்டும்போது பக்கத்துல உக்கார வெச்சு, 'அப்பா சரியா மிதிக்கறனா கண்ணு, சத்தம் சரியா வருதா'ன்னு கேட்டுக்கிட்டே வருவாருங்க. கடைசி வரைக்கும் கேட்டாரு."

வேலை போய்விட்டது, வீடு போய்விட்டது என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். உங்கள் காலையே நீங்கள் நம்பாமல் ஓட்டியிருக்கிறீர்கள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. வாயைத் திறந்தேன். "நல்ல மனுசனுங்க உங்கப்பா" என்று சொல்லிவிட்டு, காபியைக் குடித்து முடித்து, வந்துவிட்டேன். ஆமாம், இரண்டாவது முறையும் மறைத்தேன்.

நான் சாகும்வரை சுமக்கப்போவது பட்டறையில் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைத்தான். இந்த மடல் உங்களுக்கு வந்து சேராது என்று எனக்குத் தெரியும். அதனால் உறையின்மேல் உங்கள் மகளின் முகவரியை எழுதியிருக்கிறேன். அம்மணி, இதுவரைக்கும் படித்திருந்தால் இதையும் படித்துவிடுங்கள்: வண்டியைக் கெடுத்தது எண்ணெய், பார்த்தும் மறைத்தது நான். உங்கள் அப்பா சரியாகத்தான் மிதித்தார்.