லவங்கப்பட்டை டப்பாவிலிருந்து என் படத்தை அகற்றக் கோருதல்

அனுப்புநர்:
காலஞ்சென்ற துறைமுகப் பொறியாளரின் மனைவி,
மளிகைக்கடைக்கு மேல் மாடி.

பெறுநர்:
உணவுப் பாதுகாப்பு அலுவலர் அவர்கள்.

பொருள்: என் முகத்தை வைத்து லவங்கப்பட்டைத் தூளை மருந்தாக விற்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனக்கு எண்பத்திரண்டு வயது என்றும், தினமும் இரண்டு கரண்டி லவங்கப்பட்டைத் தூள் விழுங்குவதால்தான் இன்னும் மாடிப்படி ஏறுகிறேன் என்றும் தெருவில் பேசிக்கொள்கிறார்கள். இரண்டும் தவறு. என் வயது எழுபத்தாறு. படி ஏறுவது, வீடு மாடியில் இருப்பதால்.

2. இப்பேச்சுக்குக் காரணம், கீழ்க்கடைக்காரர் அடைத்து விற்கும் தூள் டப்பா. அதில் நான் பட்டையை முகர்ந்து சிரிக்கிறேன். அடியில் ‘சர்க்கரை நோய்க்கு முற்றுப்புள்ளி’ என்று அச்சிட்டிருக்கிறது. படம் உண்மையானது. ஆனால் நான் முகர்ந்தது சோதித்துத் திருப்பிக் கொடுப்பதற்காக. மெல்லிய சுருள்பட்டை என்று அவர் தந்தது விலை மலிவான முரட்டுப் பட்டை. கையும் களவுமாக அகப்பட்டாரே என்று சிரித்தேன். அதை அவர் மகள் கைபேசியில் பிடித்துவிட்டாள். அவர்மேல் எனக்குப் பகை இல்லை. அவர் கடைப் பருப்பு நல்ல பருப்பு.

3. என்னோடு வசிக்கும் என் தம்பி, ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறான். அதற்கு மேல் இத்தூளையும் கரண்டி கரண்டியாக விழுங்கி, சென்ற வாரம் முடிதிருத்தும் நாற்காலியில் வியர்த்து மயங்கினான். ஒரு பக்க மீசையோடு மருத்துவமனை போய்ச் சேர்ந்தான்.

4. சமையலில் ஒரு துண்டு போட்டால் கெடுதல் இல்லை. மாத்திரையோடு இப்படி விழுங்கினால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம், முரட்டுப் பட்டை நாளடைவில் கல்லீரலையும் கெடுக்கலாம் என்றார் மருத்துவர். பிறகு டப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, “நீங்களே இப்படி பண்ணலாமாம்மா?” என்றார். கன்னியாஸ்திரீகளிடம் படித்த காலத்தில்கூட நான் அப்படித் தலைகுனிந்ததில்லை.

5. இவ்வளவுக்குப் பிறகும் தம்பி நிறுத்தவில்லை. “அக்கா, நீ வீட்டுல ஒண்ணு சொல்ற, டப்பாவுல ஒண்ணு சொல்ற. நான் எதை நம்புறது?” என்கிறான். டப்பாவை ஒளித்து வைத்தால் இன்னொன்று வாங்கி வருகிறான். அதிலும் நானே சிரிக்கிறேன்.

6. ஆகவே என் படத்தையும் அந்த வாசகத்தையும் நீக்கவும், எந்தப் பட்டை என்பதையும், மாத்திரை சாப்பிடுவோர் மருத்துவரைக் கேட்காமல் உட்கொள்ளக் கூடாது என்பதையும் டப்பாவில் அச்சிடவும் ஆணையிட வேண்டுகிறேன். தம்பி அடுத்த முறையும் நாற்காலியில்தான் மயங்குவான் என்பதற்கு உறுதியில்லை. எங்கள் மாடிப்படி செங்குத்தானது.

தங்கள் பதிலை எழுத்தில், அலுவலக முத்திரையுடன் அனுப்புங்கள். அச்சில் வந்தால்தான் அவன் நம்புவான்.

இப்படிக்கு,
(கையொப்பம்)
டப்பாவில் இருப்பவர்

இடம்: மேற்படி மாடி
நாள்: மார்ச் 14