பட்டறையை உன் பேருக்கு எழுதிய தேதி

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் உடம்பால் சுகம், மனசுதான் சரியில்லை. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும், காதை மூடாமல் குளிரில் வெளியே போகாதே. கேஸ் தோற்றுவிட்டது. போனில் சொன்னால் நீயும் அழுவாய் நானும் அழுவேன், விஷயம் பாதியில் நின்றுவிடும் என்றுதான் எழுதுகிறேன். லாட்ஜ்காரருக்கு எண்பது கட்டில் செய்து தருவதாக அப்பா ஒப்பந்தம் போட்டு முப்பதோடு நின்றது உனக்குத் தெரியும். மீறியது அப்பாதான், லாட்ஜ்காரருக்கு நஷ்டஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பு. அதைவிடப் பெரிய இடி, பட்டறையை உன் பேருக்கு எழுதி வைத்தாரே, அது ஏமாற்றுவதற்காகச் செய்தது, செல்லாது என்று ஜட்ஜ் சொல்லிவிட்டார். அதைப் படித்தபோது அப்பா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் அவர் சட்டைக் காலரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பீலுக்கு முப்பது நாள், பதினொன்று போய்விட்டது. நேற்று வக்கீலம்மாவைப் பார்க்கப் போனோம். பொண்ணு கல்யாணத்தப்பவே பட்டறை அவளுக்குன்னு பேசி முடிச்சாச்சுன்னு நீ சத்தியம் பண்ணி எழுதிக் கொடுத்தா போதும் என்று அப்பா வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். வக்கீலம்மா என்னையே நேராகக் கேட்டார். அப்படிப் பேசவே இல்லைம்மா, லாட்ஜ்காரர் நோட்டீஸ் வந்த மூணாம் நாள் பயத்துல எழுதினதுதான் என்று சொல்லிவிட்டேன். முப்பது வருஷத்தில் வெளியாள் முன்னால் அப்பாவை விட்டுக்கொடுத்தது இதுதான் முதல் தடவை. வக்கீலம்மா பேனாவை மூடினார். அப்போ அதை விட்டுடலாம், ஒப்பந்தத்துக்கு மட்டும் அப்பீல் போடலாம், மரம் அறுத்த பிறகு அவங்க கட்டில் அளவை மாத்தின கடிதத்தைக் கோர்ட் கண்டுக்கவே இல்லை, ஆனா இதுலயும் தோத்தா பட்டறை கையை விட்டுப் போயிடும் என்றார்.

பஸ்ஸில் அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. வீட்டில் தட்டைத் தள்ளிவிட்டு, என் கழுத்தை நீயே அறுத்துட்டே என்றார். இன்று காலை ஷேவ் செய்துகொண்டே, அந்த அளவு மாத்தின கடிதம் எந்த பைல்ல இருக்கு என்று கண்ணாடியைப் பார்த்துக் கேட்டார். என்னைத்தான் கேட்கிறார் என்று ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தேன். ஜெயிப்போமா தெரியவில்லை.

இத்துடன் ஒரு தாள் வருகிறது, பட்டறையை அப்பா பேருக்கே திருப்பித் தரச் சம்மதம் என்று. எனக்காகப் போடாதே, மாப்பிள்ளையிடமும் பேசி மனசு ஒப்பினால் கையெழுத்துப் போட்டு உடனே கூரியரில் அனுப்பு. ஒரு குறையும் இல்லாமல் நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும். கீழே அப்பாவும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கடிதத்தை இரண்டு தடவை படித்தார், ஒரு வரியையும் அடிக்கவில்லை.

உன் அம்மா,
அப்பா