கடைசி வளைவில் ஏழு கற்கள்

மாப்ள,

இன்று காலையில் பக்கத்து வீட்டில் ஆமணக்கு முத்தை வறுத்து இடித்து எண்ணெய் காய்ச்சினார்கள். பேரப்பிள்ளைக்கு வயிறு சரியில்லையாம். அந்த நெடி மதிலைத் தாண்டி வந்ததும், படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்துப் போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். "என்னங்க மாமா, தலைய சுத்துதா?" என்று மருமகள் கேட்டாள். ஆமாம் என்றேன். பந்தயத்தன்று பெட்ரோலில் விளக்கெண்ணெய் கலந்து ஓட்டுவாயே, அந்தப் புகையின் நெடி இது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? அவளுக்கு உன்னைத் தெரிந்ததெல்லாம் கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு வரும் மெக்கானிக் மாமாவாக மட்டும்தான்.

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது சொல்லாததை இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன். தைரியம் வந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. எதிரில் நீ இல்லை, அதுதான் காரணம்.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் ரோட்டில் உள்ளே தள்ளிக் கிடந்த அந்தச் சிமெண்டுத் தளத்தைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை. வெள்ளைக்காரன் யுத்தகாலத்தில் விமானம் இறங்கப் போட்டது என்பார்கள். விமானம் இறங்கியதை யாரும் பார்த்ததில்லை. எழுபதுகளில், பொங்கல் கழிந்த மறு ஞாயிற்றுக்கிழமை, நாம் அங்கே மோட்டார் சைக்கிள் பந்தயம் நடத்தினோம். இரண்டு கோடியிலும் தார் டிரம்களை வைத்து வளைந்து திரும்புவது. திருச்சியிலிருந்தும் பாண்டிச்சேரியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். செட்டிகுளத்துக்காரர்கள் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு, கட்டுச்சோற்றோடு வந்து பார்த்தார்கள். நீ பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தாய். நான் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். விசில் ஊதத் தெரிந்தவன் என்பதால் கொடியையும் என் கையிலேயே கொடுத்தார்கள்.

கொடியை விடப் பெரிய வேலை ஒன்று எனக்கு இருந்தது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் தளத்தின் முழு நீளத்தையும் நடந்து பார்க்க வேண்டும். கல், ஆணி, எலும்புத் துண்டு, எது கிடந்தாலும் பொறுக்கி வெளியே எறிய வேண்டும். அந்த வேகத்தில் ஒரு சின்னக் கல் போதும், ஆளைத் தூக்கி எறிந்துவிடும். நடந்து முடித்து நான் வலது கையைத் தூக்கினால்தான் வண்டிகள் கிளம்பும். நீ எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வாய்: "இவன் கையத் தூக்கிட்டான்னா அப்புறம் நான் தரையப் பாக்கவே மாட்டேன்." எனக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

கிழக்குக் கோடியில் இருந்த கடைசி வளைவு இரண்டு பேரைத் தின்றது. வேறு வேறு வருடம், ஒரே இடம். அதற்கடுத்த வருடம் ஒரு வண்டி கூட்டத்துக்குள் புகுந்தது. அதோடு அனுமதி நின்றுபோனது. செத்தவர்கள் இன்னும் அங்கே வண்டி ஓட்டுகிறார்கள், உச்சிவேளையில் சத்தம் கேட்கிறது என்று சுற்றுப்பட்டு ஊர்களில் பேச்சு கிளம்பியது. நாம் சிரித்தோம். "பெட்ரோல் விக்கிற விலைக்குப் பேய் எங்கடா வண்டி ஓட்டுது" என்றாய்.

எண்பதுகளின் நடுவில், ஒரு சித்திரை மாதம், நீ என் வீட்டு வாசலில் வந்து ஹாரன் அடித்தாய். பந்தயம் ஓட்டிய சிவப்பு வண்டியை விற்கப்போகிறேன், மறுநாள் துறையூரிலிருந்து ஆள் வருகிறது என்றாய். இரண்டாவது பிள்ளை பிறந்தபோது உன் மனைவிக்குச் செய்துகொடுத்த சத்தியம் அது. "கடைசியா ஒரு தடவ அங்கன ஓட்டிட்டு வந்துடுறேன். நீ வந்து கையத் தூக்கு, போதும்." வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதைக் குறித்துக்கொள், பின்னால் வரும். செருப்பைக்கூட மாற்றாமல் ஏறி உட்கார்ந்தேன்.

போய் இறங்கினோம். சீமைக்கருவேலம் தளத்தின் இரண்டு பக்கமும் நெருங்கி வந்திருந்தது. நேரம் குறிக்கும் கொட்டகைக்குக் கூரை இல்லை. கிழக்கே புதிதாகத் தோண்டியிருந்த சுண்ணாம்புக்கல் குவாரியின் தூசி இலைகளின் மேல் வெள்ளையாகப் படிந்திருந்தது. அந்த வெயிலில் ஒரு காக்கை கூடக் கத்தவில்லை. நம் ஆட்கள் உட்காரும் இடத்தில் யாரோ கொள்ளுக்கொடியைக் காயப்போட்டிருந்தார்கள். பக்கத்தில் ஆளே இல்லை.

ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பெண் நம்மைப் பார்த்து நின்றாள். நம் வயதுதான் இருக்கும்.

"சார், கெழக்கால கோடிக்குப் போவாதீங்க. அங்க பூமி உறுமுது. எங்க ஆடே அந்தப் பக்கம் மேய மாட்டேங்குது."

"உறுமுறது யாருன்னு எங்களுக்குத் தெரியும்மா. ரெண்டு பேரும் நம்ம ஆளுங்கதான்" என்றாய் நீ. நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "சொல்றத சொல்லிட்டேன்" என்று ஆடுகளைத் திருப்பிக்கொண்டு போனாள். பேய்க்கதை என்று நாமே முடிவு கட்டிவிட்டோம். அவள் ஒரு தரம்கூடப் பேய் என்று சொல்லவில்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

பழைய வழக்கப்படி நடக்க ஆரம்பித்தேன். கிழக்குக் கோடியில், வளைவுக்குக் கொஞ்சம் முன்னால், தளத்துக்குக் குறுக்கே வரிசையாக ஏழு கற்கள். தேங்காய் அளவு இருக்கும். சுண்ணாம்பு அடித்து, நடுவில் காய்ந்த வேப்பங்கொத்து செருகியிருந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது. எவனோ கிரிக்கெட் விளையாட எல்லை போட்டிருக்கிறான், ஓடுதளத்தில் கல் வைக்க எவனுக்கு மனசு வரும் என்று வாய்விட்டே திட்டினேன். ஒவ்வொன்றாகத் தூக்கிப் புதருக்குள் எறிந்தேன். வேப்பங்கொத்தைக் காலால் தள்ளினேன். கற்களுக்கு அந்தப் பக்கம் சிமெண்டில் விரல் நுழையும் அளவு ஒரு வெடிப்பு ஓடியது. அதையும் பார்த்தேன். பழைய தளத்தில் வெடிப்பில்லாத இடம் ஏது? செருப்புக்கு அடியில் தரை லேசாக அதிர்ந்தது. குவாரி லாரி என்று நினைத்தேன்.

திரும்பி நின்று வலது கையைத் தூக்கினேன்.

முதல் சுற்று நன்றாகவே போனது. நீ என்னைக் கடக்கும்போது பல் தெரியச் சிரித்தாய், விளக்கெண்ணெய்ப் புகை என் முகத்தில் அடித்தது. இரண்டாவது சுற்றுக்கு நீ மேற்குக் கோடியில் திரும்பும்போது குவாரியில் சங்கு ஊதினார்கள். வேட்டு வைக்கப்போகிறார்கள். அந்தப் பெண் எங்கிருந்தோ கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தாள். நான் துண்டை அவிழ்த்து வீசினேன், விசில் ஊதினேன், தளத்துக்கு நடுவில் போய் நின்று கத்தினேன். நீ என்னைப் பார்த்தாய். வேடிக்கை காட்டுகிறேன் என்று நினைத்தாயோ என்னவோ, ஒதுங்கிப் போய்விட்டாய். வேட்டுச் சத்தம் அவ்வளவு பெரிதாகக் கூட இல்லை. வளைவில் தளம் அப்படியே கீழே உட்கார்ந்தது. உன் வண்டியின் விளக்கு மேல்நோக்கித் திரும்பியதைப் பார்த்தேன். பிறகு தூசி.

குவாரிக்காரன் தோண்டிய பள்ளம் தளத்தின் ஓரம்வரை வந்திருந்ததும், மழைத்தண்ணீர் அடிமண்ணை அரித்துக்கொண்டு போனதும், மேலே வெறும் சிமெண்டு மட்டும் நின்றதும் பிறகு தெரிந்தது. மாடு ஒன்று உள்ளே விழுந்த பிறகு ஊர்க்காரர்கள் கல் வைத்து வேப்பிலை செருகியிருக்கிறார்கள். நம் சனங்களுக்கு அது தெரியும், தாண்டாதே என்று அர்த்தம். பந்தயக்காரனுக்குத்தான் கல் என்றால் பொறுக்கி எறிய வேண்டிய சாமான்.

நானும் அந்தப் பெண்ணும் உன்னை வெளியே இழுத்தோம். உன் இடது கால் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியவில்லை. கண் பாதி திறந்திருந்தது. அவள் மூச்சு வாங்க என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"சார், கல்ல யாரு எடுத்தா? நேத்து இருந்துச்சே, யாரு எடுத்தா?"

"தெரியலம்மா" என்றேன்.

அரியலூர் ஆஸ்பத்திரி, பிறகு திருச்சி. முழங்காலுக்கு மேலே காலை எடுத்தார்கள். எல்லோரிடமும் "என் கொழுப்பு" என்று சொன்னாய். ஒர்க்‌ஷாப்பில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, சத்தத்தை வைத்தே எஞ்சினில் என்ன கோளாறு என்று சொல்லிப் பிழைத்துக்கொண்டாய். பிறகு நான் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை ஓடவிட விசில் மட்டும்தான் ஊதினேன். கை எழவில்லை. ஏன் சார் என்று பிள்ளைகள் கேட்டால் தோளில் வாயு என்பேன்.

ஒரு நாள், ரிப்பேருக்கு வண்டி விட வந்தவன் ஒருவன் உன்னிடம் கேட்டான், கூட வந்தவர் தரையைப் பார்க்கவில்லையா என்று. நீ அவனை அடிக்காத குறை. "நடந்து பாத்துட்டுத்தான்டா கையத் தூக்குனான். மண்ணுக்குள்ள இருக்கறது அவனுக்கு எப்டித் தெரியும்?" சொல்லிவிட்டு ஸ்பானரைத் துடைக்க ஆரம்பித்தாய். என் பக்கம் திரும்பவில்லை. அன்று தூசிக்குள் அந்த ஆட்டுக்காரப் பெண் கேட்டது உன் காதில் விழுந்ததா, நான் சொன்ன பதில் விழுந்ததா? இத்தனை வருடம் உன் முகத்தில் அதைத்தான் தேடினேன். உனக்குத் தெரியாது என்றால் உன்னை ஏமாற்றினேன். தெரிந்தும் பேசாமல் இருந்தாய் என்றால், அதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

உன் காரியம் முடிந்த பிறகு உன் மனைவி என்னைத் தனியே கூப்பிட்டாள். அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

"அண்ணே, அன்னைக்கி நீங்க வேணாம்னுதான் சொல்லியிருப்பீங்க. அவருதான் கேட்டிருக்க மாட்டாரு. இல்லீங்களா?"

இத்தனை வருடமும் அவள் உன்மேல் வைத்திருந்த கோபம் முழுவதும் அந்தக் கேள்வியில் இருந்தது, மாப்ள. இல்லை, தப்பு என்னுடையது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதை உன்மேலிருந்து இறக்கிவைத்திருக்கலாம்.

ஆமாம் என்று நான் தலையை ஆட்டினேன்.

"தெரியும்ண்ணே" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் எனக்கு இலை போட்டாள்.