முறுக்குப் பாட்டு

அத்தான்,

இன்று அச்சன்புதூர்க் கல்யாண வீட்டில் நலங்குக்கு முறுக்குத் தட்டு வந்தது. இந்த ரேஷன் காலத்தில் மாவுக்கு என்ன செய்தார்களோ. வாசம் மூக்கில் ஏறியதும் உங்கள் ஞாபகம். போன மாதம்தான் போய்ச் சேர்ந்தீர்கள். அதற்குள் தட்டில் வந்து உட்கார்ந்துவிட்டீர்கள்.

குற்றாலத்தில் சாரல் விழுந்துகொண்டிருந்த அன்று, உங்களுக்கென்றே பேசி வைத்திருந்த மாமன் மகளான என்னிடம் என்ன சொன்னீர்கள்? "அம்மை ராயகிரியில பொண்ணு பாத்துட்டா. நான் என்னட்டி செய்ய?" சொல்லும்போதும் மங்குஸ்தானை உரித்துக்கொண்டிருந்தீர்கள். ஒரு சுளைகூடக் கீழே விழவில்லை. கெட்டிக்காரர்தான்.

மூன்று வாரம் அழுதேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சாகக்கூட நினைத்தேன். ஒரு நாள் நெல் குத்தும்போது உலக்கைச் சத்தத்தோடு ஓர் அடி வந்து விழுந்தது. அதற்கு எதுகை தேடத் தொடங்கியதும் அழுகை நின்றுவிட்டது. எதுகை தேடுகிறவளால் அழ முடியாது. அதன்பிறகு அழுகை வரும்போதெல்லாம் உலக்கையை எடுத்தேன். வீட்டில் நெல்லே மிஞ்சவில்லை.

பிறகு உங்கள் கல்யாணத்துக்கு அழைக்க உங்கள் அம்மா வந்தாள், என் அத்தை. "மொறைப்பொண்ணு நீ ஏசல் பாடாட்டி ஊரு என்ன பேசும்?" மாப்பிள்ளையை முறைப்பெண் கேலி பாடுவது வழக்கம், பெண்ணை மாற்றியவளுக்கு வழக்கத்தை மாற்ற மனசில்லை. பாடினேன்.

முத்துப்பல்லு மாப்பிள்ளைக்கு முறுக்கு கடிக்கத் தெரியாதாம்
அத்தை வந்து கடிச்சுத் தந்தா அழகாகத் தின்பாராம்

பந்தலே சிரித்தது. சடங்கு என்று நினைத்து நீங்களும் சிரித்தீர்கள். இந்த மனிதருக்காகவா மூன்று வாரம் அழுதோம் என்று எனக்கு அருவருப்பாகிவிட்டது. மணப்பெண் மட்டும் சிரிக்காமல் என்னையே பார்த்தாள்.

போன மாதம் உங்கள் சாவு வீட்டிலும் அதே வழக்கம். "மொறைக்காரி வந்துட்டா. நீயே எடுத்துக்குடு தாயி" என்றார்கள். ஒப்பாரிக்கு வாயைத் திறந்தால் முறுக்குப் பாட்டுத்தான் முட்டிக்கொண்டு வருகிறது. முந்தானையால் வாயைப் பொத்தினேன். துக்கம் தொண்டையை அடைத்துவிட்டதென்று செம்பில் தண்ணீர் கொடுத்தார்கள். அப்போது உங்கள் மனைவி என் காதருகே குனிந்தாள்.

"அக்கா, அத்தைக்குப் பெறகு நாந்தான் கடிச்சுக் குடுத்தேன்."

அதற்கப்புறம் எனக்குப் பாட்டு வந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் பாடினேன், அழவும் செய்தேன். உங்களுக்காக என்று ஊர் நினைத்துக்கொண்டது. ஓர் அடிகூட உங்களுக்கில்லை, அத்தான். உங்கள் பங்குக்கு என்னிடம் இருப்பது அந்த முறுக்குப் பாட்டு ஒன்றுதான். இன்றும் அதைத்தான் பாடிவிட்டு வந்தேன்.