பேருக்குப் பூஜ்யம்

அன்புள்ள நைனாவுக்கு, கோயம்புத்தூரிலிருந்து கல்பனா. முழங்கால் வலிக்கு உத்திரமேரூர் டாக்டரைப் பார்த்தீர்களா? அம்மா மாத்திரையை விடாமல் போடுகிறாளா?

இங்கே ஒரு சின்ன சமாசாரம், பயப்படாதீர்கள். மருந்து ஏற்றும் கருவிக்கு நாங்கள் சி மொழியில் நிரல் எழுதுகிறோம். விசையில் அடிக்கும் மருந்தளவில் எழுத்து கலந்திருந்தால் ஏற்கக் கூடாது என்று strtol என்ற கட்டளையை வைத்துச் சோதனை எழுதியிருந்தேன். மேலாளர் சபாபதி அதை நீக்கிவிட்டு atoi என்ற இன்னொரு கட்டளையைப் போட்டார். அது எதைக் கொடுத்தாலும் குறை சொல்லாமல் ஏதோ ஓர் எண்ணைத் தந்துவிடும். ஆய்வகத்தில் ஐம்பது என்று அடித்தபோது பூஜ்யத்துக்குப் பதில் ஓ என்ற ஆங்கில எழுத்து விழ, கருவி ஐந்து என்று எடுத்துக்கொண்டது. பழியை அவர் என் மேல் போட்டார்.

ஒரு வாரம் பழைய பதிவுகளைத் தேடி எடுத்தேன். திங்கட்கிழமை இயக்குநர் முன்னால், அளவு கேட்கும் இடத்தில் சபாபதியின் பெயரையே அடித்தேன். கருவி ஏற்றுக்கொண்டது.

“என்ன காட்டுது?” என்றார் இயக்குநர்.

வேண்டுமென்றே நம் ஊர்ப் பேச்சிலேயே சொன்னேன்: “மேனேஜர் சாரு பேருக்கு பூஜ்யம்னு கீது சார். தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லல.”

பிறகு என் பழைய நிரலை ஓட்டினேன்; அது அந்தப் பெயரை ஏற்க மறுத்தது. அதை நீக்கியவர் யார் என்ற பதிவையும் திரையில் போட்டேன். சபாபதி பிறகு தனியாக மன்னிப்புக் கேட்டார். “எல்லார் முன்னாடியும் கேளுங்க” என்றேன். கேட்டார். இன்னும் மனசு ஆறவில்லை, நைனா.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொஞ்சம் வடகம் கொடுத்தனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை நான் போன் பண்ணினால் சீக்கிரம் வைத்துவிடாதீர்கள். ஆபீஸ் பஸ் ஹாரன் அடிக்கிறது.

கல்பனா