வெளியே பூட்டிய அறை

மார்ச் 4
தியேட்டர் வாசலில் மறியல் முடிந்து வந்து சட்டையைக் கழற்றினேன். முதுகில் விரல் தடிமனுக்கு ஒரு கோடு. முதலாளியின் ஆட்கள் சைக்கிள் செயினோடு வந்தார்கள். பக்கத்தில் நின்ற இன்னொரு ஆபரேட்டருக்கு மூக்கு உடைந்தது. எனக்கு வலிக்கவில்லை. என் மனைவி இறந்ததிலிருந்து எதுவும் வலிப்பதில்லை.

மார்ச் 7
சங்கச் செயலாளர் கூப்பிட்டனுப்பினார். நாங்கள் வெளியே நிற்க, தியேட்டரில் படம் ஓடிக்கொண்டிருக்கிறது. யாரோ ஒரு கருங்காலி உள்ளே உட்கார்ந்து ஓட்டுகிறான்.

"தம்பி, நீ டிப்ளமா படிச்சவன். புரொஜெக்டர் ரூமுக்குக் காத்து எந்த வழியா வருது?"

"பின்சுவர்ல ஒரு ஓட்டை. ரீல் அலமாரிக்கு நேர் மேல. கம்பி வலை போட்டிருக்கும், ரெண்டு ஸ்குரூதான்."

பரீட்சையில் கேட்டதுபோல் சொல்லிவிட்டேன்.

"ஒரு அழுகுன முட்டையைப் போட்டா போதும். அத்தனை ஜனமும் மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடும்" என்று சிரித்தார்.

மார்ச் 8
என் மாமியார் வந்திருந்தார். மகள் போனபிறகு இந்த வீட்டுப் படி ஏறியது இன்றுதான். உட்காரவில்லை.

"உங்க மச்சினன் வேலைக்குப் போறான் மாப்பிள்ளை. உங்க தியேட்டருக்குத்தான். சொல்லாதேன்னான். உங்ககிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்ல?"

கருங்காலி எங்க வீட்டுப் பையன். அவளோட தம்பி.



மார்ச் 9
காலையிலேயே போய் அவனைப் பிடித்தேன்.

"உனக்கு மெஷின் யாருடா சொல்லிக் குடுத்தா?"

"நீங்கதான் மாமா. அக்காகூட வந்து எத்தனை தடவை உங்க பக்கத்துல உக்காந்து பாத்திருக்கேன்."

"வேடிக்கை பாத்தவனெல்லாம் ஆபரேட்டரா? வேலையை விடு."

"விட்டுட்டு? உங்களை மாதிரி ரோட்டுல நின்னு செயின் அடி வாங்கவா? பயப்படாதீங்க மாமா. உங்காளுங்க உள்ள வர முடியாது. மேனேஜர் வெளிய பூட்டு போட்டுடுவாரு. இடைவேளைக்குத்தான் திறப்பாரு."

வெளியே பூட்டு.

அந்தக் கதவுக்கு உள்தாழ்கூட வைக்கக் கூடாது என்பதுதான் எங்களுக்கு முதல் பாடம். இந்த பிலிம் பற்றினால் மண்ணெண்ணெயைவிட மோசம், தண்ணீருக்கும் அடங்காது. ரீலை விட்டுவிட்டு ஓட வேண்டும், அவ்வளவுதான். ஓடுறதுக்குக் கதவு வேணாமா?

மார்ச் 10
சங்க ஆபீஸில் மேஜைக்கு அடியில் பாட்டில்கள். வாயில் துணி திணித்திருந்தது. அழுகிய முட்டை நாற்றம் இல்லை. மண்ணெண்ணெய்.

"உள்ள இருக்கறது என் மச்சினன். வெளிய பூட்டியிருக்காங்க" என்றேன்.

"தெரியும் தம்பி. கருங்காலிக்கு மாமனும் கிடையாது, மச்சானும் கிடையாது." செயலாளர் என் தோளில் கை வைத்தார். "நாளைக்கு நீ வீட்டுலயே இரு." மெதுவாகத்தான் சொன்னார். கை கனத்தது.

யாரிடம் போவது? போலீஸ் வந்தால் மூக்கு உடைந்தவனையும் சேர்த்துத்தான் அடிக்கும். முதலாளியிடம் சொன்னால் இன்னொரு பூட்டு போடுவார். பையனோ கேக்க மாட்டேங்கிறான். சும்மா இருந்தா — முடியல. அந்தப் பூட்டுக்குப் பக்கத்துலயாவது போய் உக்காரணும்.

மார்ச் 11
பகல் காட்சிக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். மறியலில் நின்ற ஒருவன் என் செருப்பின் மேல் துப்பினான். அப்படியே போய், மாடிப்படிக்குப் பக்கத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். திரையில் வெளிச்சம் மஞ்சளடித்தது; விளக்குக்குள் கார்பன் குச்சி எரிந்து குறைந்தால் அப்படித்தான். கார்பனை நகர்த்துடா, நகர்த்துடா என்று வாய்க்குள் திட்டிக்கொண்டே இருந்தேன்.

திடீரென்று மேலே டமார் என்று ஒரு சத்தம், திரை இருட்டானது. பிலிம் அறுந்தது என்று ஜனங்கள் விசிலடித்தார்கள். எனக்கு மட்டும் தெரியும், அது புரொஜெக்டர் ரூம் ஜன்னலை மூடும் இரும்புத் தகடு. உள்ளே தீப்பட்டால் மட்டும்தான் விழும்.

படியில் ஓடியது நினைவில்லை. உள்ளிருந்து "மாமா" என்றுகூட இல்லை, வெறும் சத்தம். மணல் வாளியைத் தூக்கிப் பூட்டின் மேல் அடித்தேன். அடிச்சேன். அடிச்சுக்கிட்டே இருந்தேன். பூட்டு அசையலை, கொண்டிதான் மரத்தோட பிஞ்சு வந்துச்சு.

மார்ச் 12
ஆஸ்பத்திரி. அவனுக்கு இரண்டு கைகளிலும் கட்டு. உயிருக்கு ஆபத்தில்லை என்றார் டாக்டர்.

"அந்த ஓட்டையைச் சொன்னது நான்தான்" என்றேன்.

கண்ணைத் திறக்கவில்லை. "நெனச்சேன். அந்த வலை வேற யாருக்குத் தெரியும்" என்றான். பிறகு, "தண்ணி குடுங்க மாமா."

மார்ச் 20
ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. எல்லோருக்கும் வேலை திரும்பக் கிடைத்தது, எனக்கு மட்டும் இல்லை. முதலாளிக்கு நான் கதவை உடைத்த ரவுடி. சங்கத்துக்குக் கருங்காலியைக் காப்பாற்றிய கருங்காலி. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு பக்கமும் வாதாடவே இல்லையாம்.

தெருவில் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டால் நின்றுவிடுகிறேன்.

ஏப்ரல் 2
மச்சினனும் மாமியாரும் இப்போது என்னோடுதான் இருக்கிறார்கள். அவனுக்கு நான்தான் சட்டை பொத்தான் போட்டுவிடுகிறேன்.

சாயங்காலம் ஜன்னல் வழியே ஒரு கல் வந்து விழுந்தது. மூன்று பேரும் சுவரோடு ஒட்டிக்கொண்டோம். வேறு கல் வரவில்லை.

"யாரோட ஆளுடா?" என்றேன்.

"யாருக்குத் தெரியும்? ரெண்டு பக்கமும் சேர்ந்து கையெழுத்து போட்டாங்கல்ல. ஒப்பந்தத்துல முதல் வேலை இதுதான் போல."

சிரித்துவிட்டேன். அந்தச் சத்தம் எனக்கே யாரோ போல இருந்தது. மாமியார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடியைப் பொறுக்கி, ஜன்னலை அட்டை வைத்து அடைத்தேன். ஒரு சில்லு விரலில் ஏறிவிட்டது. நல்லா வலிக்குது.